சினைப்பைக் கட்டியும் ஸ்கேன் படமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி அந்தியூரில் நடைபெற்ற மகளிர் நல அரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் கல்வி உயர்வு தரும், பதவி தரும் என்று பொதுப்படப் பேசிச் செல்வதைவிட, கல்வி ஓர் உயிரைக் காப்பது எவ்வாறு என்பதை ஒரு நோயின் வாயிலாக எடுத்துச் சொல்வதே நலம் என்று கருதினேன். சினைப்பையில் தோன்றும் கட்டிகளையும், அவற்றைக் கண்டறியும் ஸ்கேன் ஆய்வையும் பற்றியே இன்று பேசப் போகிறேன். ஆண்கள் நிறைந்த அவையில் இதனைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். இத்தயக்கத்திற்கு நம் குடும்பம் ஒன்று கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இச்சங்கம் மாலை வகுப்புகளைத் தொடங்கிய காலத்தில் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து கணக்குப் பயின்ற சிறுமிகளுள் நானும் ஒருத்தி. என் சின்னம்மா அந்நாளில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்துவந்தார். கணவரை இழந்தவர். நாற்பத்தாறு வயது. ஒரு சித்திரை மாதத்தில் அவருக்கு வயிறு உப்பத் தொடங்கிற்று. இரண்டு கவளம் உண்டால் போதும், வயிறு நிறைந்துவிடும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். “வாயுவாத்தான் இருக்கும் அம்மிணி” என்று சொல்லிச் சுக்குக் கசாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். வயிறு பெருகப் பெருக, ஊர் வாய் வேறொன்று பேசத் தலைப்பட்டது. கணவனற்ற பெண்ணின் வயிறு பெருத்தால் இவ்வூர் என்ன பேசும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பேச்சுக்கு அஞ்சி அவர் வீட்டை விட்டு வெளிவருவதையே நிறுத்திக்கொண்டார். கார்த்திகையில்தான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சினைப்பையில் தோன்றிய புற்று வயிறெங்கும் பரவியிருந்தது. தை பிறக்குமுன் அவர் மறைந்தார்.

ஸ்கேன் கருவி அன்று இல்லாமல் இல்லை. பவானி வழியாக ஈரோட்டுக்குச் செல்லும் பேருந்தில் ஏறியிருந்தால் அன்றே எடுத்திருக்கலாம். அதனைக் கேட்டுப் பெற வேண்டும் என்று அறிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. நான் மருத்துவம் பயின்று, பின் கதிரியல் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த ஏழு மாதங்களே.

இனி, வேறொரு பெண்ணின் வரலாற்றைக் கேளுங்கள். ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்பது கப்பல் கட்டும் தொழிலுக்குப் பேர்பெற்ற நகரம். அங்கு மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அயன் டொனால்டு. இரும்புத் தகடுகளின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாத விரிசல் இருக்கிறதா என்பதை ஒலியலையைச் செலுத்திக் கண்டறியும் கருவியொன்று அந்நாளில் தொழிற்சாலைகளில் இருந்தது. இரும்பின் உள்ளே விரிசலைக் காட்டும் ஒலி, உடலின் உள்ளே கட்டியைக் காட்டாதா என்று டொனால்டு எண்ணினார். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அறுவையின்போது எடுக்கப்பட்ட கருப்பைக் கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கே சென்றார். அங்கிருந்த கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டி ஒருவகை எதிரொலியும், திடமான கட்டி வேறுவகை எதிரொலியும் தந்தன.

பின்னர் டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளரும், ஜான் மக்விக்கர் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்து உழைத்தனர். அக்காலத்தில் வயிறு பெருத்து மெலிந்துபோன பெண்மணி ஒருவர் அவர்களிடம் வந்தார். இரைப்பையில் புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பிற மருத்துவர்கள் கைவிட்டிருந்தனர். ஒலியலையைச் செலுத்திப் பார்த்தபோது, அது நீர் நிறைந்த பெருங்கட்டி என்று தோன்றியது. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். சினைப்பையில் தோன்றிய, புற்று அல்லாத கட்டி அது. அதனை அகற்றினார்கள், அப்பெண்மணி பிழைத்தார். இம்மூவரின் ஆய்வுக் கட்டுரை 1958ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று கருவுற்ற தாய்மார்களுக்கு எடுக்கப்படும் ஸ்கேன், இவர்கள் இட்ட அடித்தளத்தின் மீது எழுந்ததாகும்.

என் சின்னம்மாவுக்கும் வயிறு பெருத்தது. அப்பெண்மணிக்கும் வயிறு பெருத்தது. ஒருவர் கட்டி தீயது, மற்றவர் கட்டி தீயதன்று என்பது விதியின் வேறுபாடு; அதில் மனிதர் செய்யத்தக்கது குறைவு. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று காலத்தே பார்த்தார்களா, இல்லையா என்பது முழுக்க முழுக்க மனிதர் கையில் இருப்பதாகும்.

ஸ்கேன் என்றாலே உடலில் கதிர் பாயும் என்று அஞ்சுவோர் நம்மில் பலர். வயிற்றுக்கு முதலில் எடுக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் கதிர் எதுவும் இல்லை. ஒலி மட்டுமே உண்டு. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். இக்கருவி எழுப்பும் ஒலியோ நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வு கொண்டது. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்கள் விரலால் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டே கீறல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? கருவி செய்வதும் அதுவே. உடலின் மென்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். ஏழரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர, நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அவ்வெதிரொலிகளைக் கணக்கிட்டுக் கருவி படமாக வரைகிறது. நீர் எதிரொலி தராது; எனவே படத்தில் கருமையாகத் தெரியும். திடமான தசை சாம்பல் நிறமாகத் தெரியும். எலும்பும் பல்லும் வெண்மையாகத் தெரிந்து, பின்னே நிழல் வீழ்த்தும். காற்றின் ஊடே இவ்வொலி செல்லாது. அதனால்தான் வயிற்றின்மீது குளிர்ந்த கூழைத் தடவுகிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வரச் சொல்வதும் காரணத்தோடுதான். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை விலக்கி, சினைப்பையைப் பார்க்கச் சாளரம் போல உதவுகிறது.

மணமான பெண்களுக்குப் பிறப்புவழியாகச் சிறு கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறையும் உண்டு. சினைப்பைக்கு மிக அருகில் செல்வதால் படம் தெளிவாக அமையும். அதற்குச் சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்க வேண்டும். பெண்ணின் இசைவு பெற்றே அதனைச் செய்ய வேண்டும். உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலிருந்தே பார்ப்பார்கள்.

இப்பொழுது நம் தெருக்களில் பெரிதும் வழங்கும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘நீர்க்கட்டி’ என்பதே அச்சொல். வெவ்வேறான பல நிலைகளை இவ்வொரு சொல்லால் குறிப்பதனால் விளையும் கேடு பெரிது. மாதவிலக்கு தவறும் இளம்பெண்ணின் சினைப்பையில் முதிராத சிறுசிறு முட்டைப்பைகள் பல தெரிவது ஒன்று. அது சுரப்புநீர்க் கோளாறேயன்றிக் கட்டியன்று. மாதந்தோறும் இயல்பாக வளரும் முட்டைப்பை உடையாமல் சற்றே பெருத்து நிற்பது இரண்டாவது. ஐந்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட இத்தகையவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குகளுக்குள் தாமே மறைந்துவிடும். மூன்றாவது வகை உண்மையான கட்டி, ஆயினும் தீயதன்று. தோல், முடி, கொழுப்பு, சில வேளை பல்லும்கூட உள்ளே அமைந்த கட்டி இவ்வகையைச் சேர்ந்ததே. இளம்பெண்களிடம் அது மிகுதியாகக் காணப்படுகிறது. பேய் பிடித்ததால் வயிற்றில் முடி வளர்ந்தது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். முட்டைக்குரிய உயிரணுவே வழிதவறிப் பல திசுக்களாக வளர்ந்ததன் விளைவு அது. நான்காவது வகை புற்றுநோய். இந்தியப் பெண்களிடையே மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் நிற்பது சினைப்பைப் புற்றே. நான்கையும் நீர்க்கட்டி என்று ஒரே பெயரால் சொன்னால், அஞ்ச வேண்டாதவள் அஞ்சி வாடுவாள். விரைந்து செல்ல வேண்டியவள் அயர்ந்து இருந்துவிடுவாள்.

இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் படத்தில் எவற்றைத் தேடுகிறார்? கட்டி ஓர் அறையா, பல அறையா? உட்சுவர் வழவழப்பாக உள்ளதா, காளான் போன்ற முளைகள் உண்டா? உள்ளே திடப்பகுதி உண்டா? அதனுள் குருதி மிகுதியாகப் பாய்கிறதா? வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறதா? இரு சினைப்பையிலும் உள்ளதா? ஓரறையும் மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் கொண்ட கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. ஒழுங்கற்ற திடப்பகுதி, பல முளைகள், மிகுந்த குருதியோட்டம், வயிற்று நீர் ஆகியவை ஐயத்தைத் தருவன. ஐரோப்பிய மருத்துவர் குழுவொன்று 2008ஆம் ஆண்டில் இத்தகைய அடையாளங்களைத் தீங்கற்றவை ஐந்து, தீயவை ஐந்து என எளிய விதிகளாக வகுத்துத் தந்தது.

மாலை வகுப்பு மாணவரும் போடத்தக்க கணக்கு ஒன்றும் இத்துறையில் உண்டு. 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர்கள் வகுத்தது அது. பல அறைகள், திடப்பகுதி, இருபுறக் கட்டி, வயிற்று நீர், பிற இடங்களில் பரவல் என்னும் ஐந்தில், படத்தில் ஒன்றும் இல்லையேல் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நின்றிருந்தால் 3, நிற்காதிருந்தால் 1. இவ்விரண்டையும் பெருக்கி, வந்ததை இரத்தத்தில் காணும் சி.ஏ.125 என்னும் பொருளின் அளவால் பெருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் மாதவிலக்கு நின்ற தாய்க்கு இரண்டு அடையாளங்களும், இரத்தத்தில் 40 என்ற அளவும் இருந்தால், 3 × 3 × 40 = 360. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓர் அடையாளமும் அதே 40 என்ற அளவும் இருந்தால், 1 × 1 × 40 = 40. விடை 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவையில் தேர்ந்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பொது நெறி. இரத்த அளவு இருவருக்கும் ஒன்றே. படமும் வயதும் சேர்ந்து பொருளை மாற்றிவிடுவதைக் காண்கிறீர்கள். ஆகவே இரத்த ஆய்வுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அழுது புலம்புவது வேண்டாத துன்பம்.

அந்த இரத்த அளவு வேறு காரணங்களாலும் உயரும். மாதவிலக்கின்போதும், கருவுற்றிருக்கும்போதும் உயரலாம். வயிற்றில் காசநோய் வந்தாலும் உயரும்; நீரும் கோக்கும்; படத்தில் புற்றுநோயைப் போலவே தோன்றும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதனை மறக்கலாகாது. மருந்தால் முற்றிலும் தீரும் நோயைப் புற்று என்று எண்ணி வீட்டில் முடங்கியவர்களும் உண்டு. ஸ்கேன் சான்று கூறும். இறுதித் தீர்ப்பு, எடுத்த திசுவை உருப்பெருக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் வல்லுநர் வழங்குவதே.

முதற்படத்தில் தெளிவு கிட்டாவிடில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். காந்தப் புலத்தால் இயங்கும் அதிலும் ஊடுகதிர் இல்லை. கொழுப்பு எது, பழைய இரத்தம் எது, திடத்தசை எது என்று அது பிரித்துக் காட்டும். நோய் எவ்வளவு பரவியது என்றறிய சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அதில் ஊடுகதிர் உண்டு; ஆகையால் கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். ஐயத்திற்குரிய கட்டியை, அது சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் ஊசியால் குத்தி நீரெடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். உள்ளிருக்கும் தீய அணுக்கள் வயிற்றில் சிந்திவிடக்கூடும் என்பதே காரணம்.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பிரிட்டனில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு, தொல்லை ஏதுமற்ற பெண்களுக்கு ஆண்டுதோறும் செய்த ஆய்வால் இந்நோயின் இறப்புக் குறையவில்லை என்று காட்டிற்று. வேண்டாத அறுவைக்கு உள்ளானவர்களும் அதில் உண்டு. எனவே, நலமாக இருக்கும்போது வீண்செலவு வேண்டாம். தொல்லை தோன்றி நீடிக்கும்போது தாமதமும் வேண்டாம்.

அத்தொல்லைகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பி நிற்றல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருதல் ஆகிய நான்கே. இவை வாயுவிலும் வரும், உண்மைதான். ஆனால் புதிதாகத் தோன்றி, ஒரு மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் வந்தால், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வந்தால், மருத்துவரிடம் சென்று, “அடிவயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்று வந்திருந்தால் அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திடீரென ஒருபுறம் பொறுக்கவொண்ணாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. சில மணி நேரத்தில் சினைப்பையே அழுகிவிடக்கூடும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். “பெண்ணுக்குக் கட்டி என்று தெரிந்தால் மணம் ஆகாதே, பிள்ளைப்பேறு போய்விடுமே” என்று மறைப்பவர்களை நான் நாள்தோறும் காண்கிறேன். தீங்கற்ற பல கட்டிகளைச் சினைப்பையை விட்டுவைத்தே அகற்ற முடியும். ஒரு சினைப்பையை முழுதும் எடுக்க நேர்ந்தாலும் மற்றொன்று பிள்ளைப்பேற்றுக்குப் போதும். புற்றுநோயும் சினைப்பையைத் தாண்டுமுன் அறியப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பரவியபின் அறியப்பட்டால் அந்த வாய்ப்பு மிகக் குறுகிவிடுகிறது. மறைப்பதால் காக்கப்படுவது மானம் என்று எண்ணுகிறோம்; மறைந்திருந்து வளர்வது நோய்தான்.

மருத்துவமனை வாயிலில் நம் தாய்மார்கள் ஒதுங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சம் வருந்துகிறது. தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்ட கால்கள் அவை. அந்தியூர் அரசு மருத்துவமனையும், பெருந்துறையிலுள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோவை அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. அவ்வரியில் நம் வியர்வையும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வீட்டில் தேடி எடுத்து வையுங்கள், இல்லாதவர்கள் விண்ணப்பியுங்கள். ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் கையோடு கேட்டு வாங்கி, நாள்வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மூன்று திங்களுக்கு முன் நான்கு சென்டிமீட்டர் இருந்த கட்டி இன்று ஆறா, இரண்டா என்பதே பல வேளைகளில் நோயைத் தீர்மானிக்கும். பழைய படத்தைத் தொலைத்தவர் பாதி மருத்துவத்தைத் தொலைத்தவராவார்.

நிறைவாக ஒரு பெருமாட்டியை நினைவூட்டுகிறேன். தேவதாசி மரபில் வந்த தாய்க்கு 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்கள். ஆண்கள் மட்டுமே பயின்ற பள்ளியில் எதிர்ப்புக்கிடையே இடம்பெற்றுப் பயின்று, 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் தாங்கி, 1954ஆம் ஆண்டு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். வீட்டில் விழுந்த ஒரு சாவை நாட்டுக்கு ஒரு மருத்துவமனையாக மாற்றியவர் அவர்.

அத்துணைப் பெரிய செயல் நம்மால் இயலாது போகலாம். இச்சங்கத்தின் நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவியரே! மாணவரே! ஒன்று மட்டும் நம்மால் இயலும். ஒவ்வொரு தெருவிலும், ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் படித்து, “அத்தை, இதற்கு அஞ்ச வேண்டாம்” என்றோ, “ஆத்தா, நாளைக் காலைப் பேருந்துக்கே புறப்படுங்கள், நானும் வருகிறேன்” என்றோ சொல்லத்தக்க ஒருவர் இருந்தாக வேண்டும். என் சின்னம்மாவுக்கு அன்று கிடைக்காத அந்த ஒருவராக நீங்கள் ஒவ்வொருவரும் விளங்க வேண்டும். சங்கத்தின் இருபத்தைந்தாண்டு உழைப்புக்கு அதைவிடச் சிறந்த பயனை நான் வேண்டவில்லை.